நான்கு அடுப்பு, மூன்று பேர்

அந்தப் பெர்மிட்டை நான் திருப்பி அனுப்பியது கோபத்தில் அல்ல. கோபம் எனக்கு எப்போதும் இருக்கிறது. அதை வைத்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறவள் இல்லை நான். படிவத்தில் அடுப்பு நான்கு என்று இருந்தது. தீ மூட்டுபவர் பெயர் மூன்றுதான் இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'நான்காவது அடுப்பைப் பற்றவைப்பது யார்?' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் கார் சீட் செய்கிறது. ஒரு கிடங்கு முழுக்க ஸ்பாஞ்ச். ஒரு பொறி போதும். அதனால் காம்பவுண்டுக்குள் வெல்டிங் வைத்தாலும் சரி, கற்பூரம் கொளுத்தினாலும் சரி, பாதுகாப்புப் பிரிவில் ஹாட் வொர்க் பெர்மிட் வாங்க வேண்டும். யார் மூட்டுகிறார், யார் அணைக்கிறார், மணல் வாளி எங்கே என்று எல்லாம் எழுதித்தர வேண்டும். அந்தப் பிரிவில் நான் ட்ரெயினி. மாரிசெல்வி, கோவில்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடித்தபோது சுவர்ப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்ததால், டிகிரி இப்போது பீரோவில் போர்வைக்கு அடியில் கிடக்கிறது.

ஆடி மூன்றாம் ஞாயிறு கம்பெனிக்குள் பொங்கல். தெற்கு மூலையில், கிடங்கிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஏழு கல்லும் இருக்கின்றன. கன்னிமார். சேரப்பணஞ்சேரியில் நான்கு வீட்டுக்காரர்களுக்குக் குலதெய்வம். நிலம் கம்பெனிக்குப் போனபோது சாமி மட்டும் நகரவில்லை. வருஷத்தில் ஒரு நாள் நான்கு வீட்டாரையும் உள்ளே விட வேண்டும் என்பது அப்போதே பேசி முடித்தது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பாதுகாப்பு வீடியோவை முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நடந்து போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள்.

அந்த ஏழு கல்லை எனக்கு வேலையில் சேர்வதற்கு முன்பே தெரியும். என் அம்மா பச்சையம்மா அந்த நான்கு வீட்டில் ஒரு வீட்டில் பிறந்தவள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக் கட்டட வேலைக்கு வந்த வேல்ராஜ் என்ற கொத்தனாரோடு கிளம்பிப் போனவள். வேல்ராஜ் என் அப்பா. ஊர் வேறு, சாதி வேறு. தாத்தாவின் கோபத்துக்குக் காரணம் இரண்டாவது. வெளியே சொல்லிக்கொண்டது முதலாவது. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனாள். அங்கே அவளுக்கு இன்றைக்கும் பெயர் 'மெட்ராஸ்காரி'. இங்கே என்னைத் 'திருநெல்வேலிப் பொண்ணு' என்கிறார்கள். இரண்டுமே தப்பு. திருத்திப் பார்த்தோம், ஒருவரும் கேட்பதாக இல்லை.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஓசூரா, ஒரகடமா என்று கேட்டபோது நான் ஒரகடம் என்றேன். அம்மாவிடம் சொன்னதும், "அங்கயா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு ரயிலேற்ற வந்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் பேரு ராமன். நீயாப் போயி நிக்காத. அவுக கூப்பிடாம யாரும் போக வேண்டாம்" என்றாள்.

போய் நின்றேன். சேர்ந்த இரண்டாவது வாரமே படப்பையில் பஸ் மாறி, சேரப்பணஞ்சேரியில் இறங்கி, விசாரித்து, நீலக் கேட் போட்ட அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். வாசலில் இரண்டு பைக். மாடியில் கம்பெனிப் பையன்களின் சீருடைச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்தன. மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர், "யார் வூட்டுக்குமா?" என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ரூம் பாக்கேன்." அந்த மனுஷர் விடவில்லை. தெருத் தெருவாகக் கூட்டிப்போய் மூன்று ரூம் காட்டினார். ஒன்றில் தண்ணீர் நன்றாக வந்தது.

அதோடு சரி. அம்மாவின் வீட்டுக்கு முன்னால் நின்று கூப்பிடச் சொல்லிக் கெஞ்ச எனக்கு வராது. தப்பு செய்தவர்கள் அவர்கள்.

பெர்மிட்டைத் திருப்பி அனுப்பியபோது அதன் அடியில் இருந்த கையெழுத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு, கேட்டில் இருக்கும் தாவீது அண்ணன் ஒருவரை அழைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். விபூதி, கட்டம் போட்ட சட்டை, கையில் நான் வட்டம் போட்ட காகிதம்.

"பொங்கல் பார்ட்டிம்மா. ராமன்னு பேரு. ஏதோ ராங்குன்னு எழுதியிருக்கியாமே" என்றுவிட்டுத் தாவீது அண்ணன் போய்விட்டார்.

நான் உட்காரச் சொன்னேன். முகத்தைப் பார்த்தேன். அம்மாவின் முன்பல் இடைவெளி அவர் வாயில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாசம் பொங்கவில்லை. உன் பல்லைப் பார்க்க எனக்கு இருபத்துமூன்று வருஷம் ஆகியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

"வருசா வருசம் இப்டித்தான் குடுக்கறோம். ஒருத்தரும் ஒண்ணியும் கேட்டதில்ல" என்றார்.

"நான் கேக்கேன். நாலு அடுப்பு. மூணு பேரு. நாலாவது யாரு?"

"அது தானா எரியும்மா."

"தானா எரிஞ்சா அதுக்குப் பேர் விபத்து."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நீ தெக்கத்திப் பொண்ணு, உனக்கு எங்க பழக்கம் தெரியாது. சொல்றேன் கேளு. கன்னிமாருக்கு அடுப்பப் பத்த வெக்கறது அந்தந்த வூட்ல பொறந்த பொண்ணு. கட்டிக்கினு வந்தவ வெக்கக்கூடாது. மூணு வூட்லயும் பொண்ணுங்க கீதுங்க. எனக்கு ரெண்டும் பசங்க. ஒரு தங்கச்சி இருந்தா. போய்ட்டா. அதுக்கப்பால எங்க அடுப்ப நாங்க பத்த வெக்கறதில்ல. பக்கத்து அடுப்புலேர்ந்து ஒரு கொள்ளி எடுத்து வெச்சிக்குவோம். எரவல் நெருப்பு."

"எரியுற கொள்ளியத் தூக்கிட்டு நடப்பீங்களா? கிடங்குக்குப் பக்கத்துல?"

"நாலு தப்படிதான்."

"தங்கச்சி செத்துட்டாங்களா?"

"ச்சீ, வாயக் கழுவு. கீறா. கோயில்பட்டி பக்கம்."

"அப்பம் அவங்க பேர எழுத வேண்டியதுதானே."

"எழுதறதுன்னா..." காகிதத்தை மடித்தார், விரித்தார். "எங்கப்பா இருந்த வரிக்கும் அவ பேர வூட்ல யாரும் சொல்லக்கூடாது. பெரியவரு போயி ஆறு வருசமாச்சு. ஆனாலும் அப்டியே பழகிப்போச்சு."

"சரி, வேற வீட்டுப் பொண்ணு யார் பேரையாவது எழுதுங்க. ரெண்டு அடுப்ப ஒருத்தி பத்தவைக்கட்டும்."

"அது எப்டி? அது அவ எடம்."

"எழுதவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க."

"ஆமா," என்றார், அதில் என்ன தப்பு என்பதுபோல.

எனக்குள் கோபம் ஏறியது. ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து வருஷம் ஒரு கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அங்கே தலைவலி மருந்தைத் தடவிக்கொண்டு, மருந்து வாசனையும் தீக்குச்சி வாசனையும் பிரித்தறிய முடியாமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இவர்கள் இங்கே பக்கத்து அடுப்பில் கொள்ளி எடுத்து அதற்குப் பழக்கம் என்று பெயர் வைக்கிறார்கள். கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் இவர் எழுந்து போய்விடுவார், மூன்று அடுப்போடு பொங்கல் முடிந்துவிடும். அம்மா வருவதற்கு இருக்கும் ஒரே வழி இவர் வாயிலிருந்து ஒரு 'வா'. அது கையில் இருக்கும்போது நான் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது.

"நாலாவது பேர் இல்லாம பெர்மிட் கிடையாது," என்றேன். "தீ மூட்டுறவங்க இங்க இல்லன்னா, பெர்மிட் கேக்குறவர் போன்ல கூப்பிட்டு அவங்க சம்மதத்த வாங்கணும். விதி ஏழு."

அப்படி ஒரு விதி இல்லை. விதி ஏழு மணல் வாளியைப் பற்றியது.

"போனா? எங்கிட்ட அவ நம்பரு கூட இல்லியே."

"எங்கிட்ட இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் எண்ணை அழுத்தி போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். திரையில் 'அம்மா' என்று இருந்தது. அவர் அதைப் படித்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைக் காதில் வைத்தார்.

அம்மா போனில் பேசினால் பக்கத்து மேஜை வரை கேட்கும்.

"என்னட்டி இந்நேரத்துல? சாப்பிட்டியா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஏட்டி, செல்வி?"

"செல்வி இல்ல. ராமன்."

அந்தப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியின் பெல்ட் ஓடும் சத்தம் கேட்டது.

"எந்த ராமன்?" என்றாள் அம்மா.

"எத்தினி ராமன் தெரியும் உனக்கு?"

"கேஸ் சிலிண்டர் போடுத ராமன் ஒருத்தர். பால்காரர் ஒருத்தர்."

"உன்ன மாமரத்துலேர்ந்து தள்ளிவுட்ட ராமன்."

"நீ தள்ளல. நானா வுழுந்தேன். அப்பாகிட்ட உன்னயச் சொல்லிட்டேன்."

"அது எனக்கு அப்பவே தெரியும். அடி வாங்கினவன் நான் ஆச்சே." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம கன்னிமாருக்குப் பொங்கல். அடுப்பு சும்மா கீது."

"இருவத்தஞ்சு வருசமாச் சும்மாத்தான கெடக்கு."

"இப்ப பேர் எழுதணும்ன்றாங்கோ. வந்துட்டுப் போ."

"கூப்புடுதியா, தகவல் சொல்லுதியா?"

"இன்னா வித்தியாசம்?"

"கூப்பிட்டா வருவேன்."

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதுக்கும் பாரத்துல கட்டம் கீதா?"

"இருக்கு," என்றேன்.

கையை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பச்ச," என்றார். "வா. நம்ம அடுப்பு. நீ வந்து பத்த வெய்யி."

பிறகு அம்மா பேசினாள். அந்த ஊர்ப் பேச்சை அவள் வாயில் நான் அதுவரை கேட்டதே இல்லை. "இதுக்கு இன்னாத்துக்குண்ணா இவ்ளோ நாளு?"

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார். "நீ சாப்ட்டியான்னு கேக்குது" என்றார். பேனாவை வாங்கி, நான்காவது கட்டத்தில் பச்சையம்மா என்று எழுதினார். 'ச்'சை விட்டுவிட்டு, பிறகு மேலே செருகினார்.

"வேல்ராஜு பொண்ணா நீ?"

"பச்சையம்மா பொண்ணு."

"பேனாவப் புடிச்சிக்கினு மல்லுக்கு நிக்கசொல்லவே நெனச்சேன், எங்கியோ பாத்த மொகமா கீதேன்னு. மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மொதல்லயே எழுதியிருக்கலாம்ல."

"அதான, அவ பொண்ணுதான்," என்று எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்தில் அம்மாவை இறக்கிக் கூட்டிவந்தேன். அப்பா வரவில்லை. "மொதல்ல நீ போயி அடுப்பப் பத்தவை. அடுத்த தடவ நான் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு வாரேன், எவன் மண்டையில அடிச்சாலும் தாங்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா புது வாயில் சேலையில் இருந்தாள். ஒரகடம் சாலையில் பஸ் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு காம்பவுண்டாகக் காட்டி, "இது ஏரி. இது எங்க மாமன் கொல்ல. இங்கன வேர்க்கடல போட்ருந்தாங்க" என்று வந்தாள். வருத்தமாகச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. தன் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவளைப்போலச் சொன்னாள்.

கேட்டில் மாமா, அத்தை ஞானம்மா, மூத்த பையன் இனியவன், மற்ற மூன்று வீட்டார் எல்லாரும் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார்கள். அத்தை அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "நீ வருவன்னு இவுரு சொல்லசொல்ல நான் நம்பல. நேத்து ராத்திரியிலேர்ந்து மனுசன் பொங்கப்பானைய நாலு தபா வெளக்கிட்டாரு" என்றாள். மாமா வேறெங்கோ பார்த்தார்.

தாவீது அண்ணன் பையைத் திறந்து பார்த்தார். கடலை மிட்டாய் போகலாம். வெல்லம் போகலாம். அடியில் காகிதத்தில் சுற்றிய பத்துத் தீப்பெட்டி இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது போவாதும்மா."

"எது போவாது?"

அவர் பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். தீப்பெட்டி படம், அதன்மேல் சிவப்புக் கோடு. பலகையை நான்தான் போன மாதம் புதுசாக மாட்டினேன்.

"அம்மா, உள்ள லைட்டர் வச்சிருக்கேன். நீளமா, கையில சுடாது," என்றேன்.

"ஏட்டி, இருவது வருசமா நான் அடுக்குன பெட்டியில ஊரு ஒலகமே அடுப்புப் பத்தவைக்கி," என்றாள். "எங்க வீட்டு அடுப்ப மட்டும் நான் கம்பெனி லைட்டர்ல பத்தவைக்கணுமா?"

"ரூல்மா."

"எவன் போட்ட ரூலு?"

"மேடம் போட்டதுதான்," என்றார் மாமா, ரொம்பவும் பணிவாக.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. விதியைத் தூக்கி எறிய முடியாது. அந்தக் கிடங்கில் இருநூறு பேர் வேலை செய்கிறார்கள், நான் அவர்களுக்காகத்தான் சம்பளம் வாங்குகிறேன். அம்மாவையும் லைட்டரோடு அனுப்ப மனசில்லை. பெர்மிட்டை வாங்கி முதலிலிருந்து படித்தேன். 'பயன்படுத்தும் கருவிகள்' என்று ஒரு வரி இருந்தது. வெல்டிங்காரர்கள் அதில் டார்ச், ராடு என்று எழுதுவார்கள். நான் எழுதினேன்: தீப்பெட்டி, ஒன்று. குச்சி, மூன்று.

அம்மா எட்டிப் பார்த்தாள். "மூணா? ஆடிக்காத்துல மூணு குச்சியா?"

மூன்றை அடித்து ஐந்து ஆக்கிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மீதி ஒன்பது பெட்டியும் தாவீது அண்ணனின் இழுப்பறைக்குப் போயின. ஐந்து குச்சியை எண்ணி விட்டுவிட்டு, மற்றதைப் பெட்டியிலிருந்து அவரே கொட்டிக்கொண்டார். அம்மா அவரை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் செங்கல் கூட்டி நான்கு அடுப்பு. மணல் வாளி, தீயணைப்பான், எல்லாம் இடத்தில் இருந்தன. மூன்று வீட்டுப் பெண்கள் லைட்டரை வாங்கி ஆளுக்கு ஒன்றாகப் பற்றவைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். நான்காவது அடுப்பின் முன்னால் அம்மா குந்தி உட்கார்ந்தாள். முதல் குச்சி உரசிய வேகத்திலேயே அணைந்தது. இரண்டாவது, சுள்ளிக்குப் பக்கத்தில் போய் அணைந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் குச்சியைக் கையாளும் கை அது. பக்கத்து அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. ஒரு கொள்ளியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது குச்சியை உரசும்போது மாமா தன் ஹெல்மெட்டைக் கழற்றினார். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, அதைக் கவிழ்த்துக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் அந்தச் சின்னச் சுடர் நின்றது. சுள்ளி பிடித்துக்கொண்டது.

வேலை நடக்கும் இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுவது விதிமீறல். நான் கிடங்குப் பக்கம் திரும்பி, அதன் கூரையை ரொம்ப கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொங்கல் வடக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அம்மாவும் அத்தையும் அதற்குள் ஒரு வரன் விஷயமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். எனக்காக இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். "கெணறு எங்கண்ணா இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். மாமா கரண்டியால் ஜெனரேட்டர் கொட்டகையைக் காட்டினார். அம்மா தலையாட்டிவிட்டு, "உப்புத் தண்ணிதான அது," என்றாள்.

எல்லாம் முடிந்து மணலைக் கொட்டி அடுப்பை அணைத்த பிறகு, பெர்மிட்டை மூடுவதற்கு நான்கு பெண்களிடமும் கையெழுத்து வாங்கினேன். பயன்படுத்திய குச்சி மூன்று, திரும்பியது இரண்டு. மாமா இலையில் பொங்கலை வைத்து என் கையில் கொடுத்துவிட்டு, காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வருசத்துக்கும் இப்பவே அவ பேர எழுதிடேன். எதுக்கு ரெண்டு வேல?"

"பெர்மிட் ஒரு நாளைக்குத்தான் செல்லும், மாமா."

அந்தச் சொல்லை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்ப வருசா வருசம் நான் போன் போட்டுக் கூப்பிடணுமா?"

"ஆமா," என்றேன். "விதி ஏழு."